சொல்தா நடந்து வந்த வழி: வில்லியனூர் ஸ்டேஷனிலிருந்து பாகூர் நடவு வயல் வரை

இந்தப் பக்கத்தை எழுதிவந்தது என் மகள் கயல்விழி. வில்லியனூரில் பஸ் ஏறி, ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றி முப்பத்தோரு பயணம் எழுதியிருக்கிறாள். போன ஐப்பசியில் மூளைக் காய்ச்சல் வந்து கயல் இறந்துவிட்டாள். இருபத்துமூன்று வயது. ஏன் புதிதாக எதுவும் வரவில்லை என்று சிலர் கீழே கேட்டிருந்தீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவள் அம்மா சரசு. ஊர் ஒதியம்பட்டு. ஆறாவது வரைதான் படித்தேன். எழுத்துப் பிழைகளைக் கயலின் தோழி மரி திருத்தித் தந்தாள். சொன்ன விஷயத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது, மரி அதைத் தொடவில்லை.

இது கயல் போக நினைத்து வைத்திருந்த பயணம். அவள் அலமாரியில் ஒரு படப் புத்தகம் இருந்தது. பக்கத்துக்கு நாலு கட்டம், ஆறு கட்டம் என்று படமாகவே வரைந்து சொன்ன ஒரு சொந்தக் கதை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். பாகூர் பக்கத்து ஆள் ஒருவர் சொல்தாவாகி, வியட்நாம் சண்டைக்குப் போய், ஒரு தடவை ஊருக்குத் திரும்பி வந்து, பிறகு பிரான்ஸிலேயே தங்கிவிடுகிறார். அங்கே பிறந்த அவருடைய மகள் எழுதி வரைந்த புத்தகம் அது. தமிழில் வந்திருக்கிறது. கயல் அதில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். ஸ்டேஷன் படத்தின் பக்கத்தில் "போகணும்", ஏரிக்கரைப் படத்தின் பக்கத்தில் "போகணும், காலையில் போனால் வெளிச்சம் நல்லா இருக்கும்". எல்லாம் இப்படித்தான். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். "அம்மாவைக் கேட்கணும்."

என்னிடம் அவள் எதையும் கேட்கவில்லை. கேட்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. என்ன கேட்க நினைத்தாள் என்பதுதான் மூன்று மாதமாக என் தலைக்குள் ஓடியது. படத்தில் ஒரு வயல். வரப்பில் சொல்தா பெட்டியோடு நிற்கிறார். வயலில் ஏழு பெண்கள் குனிந்து நாற்று நடுகிறார்கள். அவர்கள் கால் பக்கத்தில் கயல் சின்னச் சின்னதாகப் பென்சில் கோடு போட்டிருந்தாள். அவளும் ரெண்டு நாற்று வரைந்து பார்த்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இதில் என்னைக் கேட்க என்ன இருக்கிறது? எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். தெரியவில்லை. சரி, அந்த வயலிலேயே போய் நின்று பார்ப்போம் என்று கிளம்பினேன்.

தை பிறந்து இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. சேதராப்பட்டில் நான் பேக்கிங் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு நாள் லீவு சொன்னேன். இந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் பானை வைக்கவில்லை. துக்கம் இருக்கும்போது ஊர் சுற்றுகிறாள் என்று நாலு பேர் பேசுவார்கள் என்று கயல் அப்பா பயந்தார்.

"இன்னாத்துக்கு இப்ப பாகூரு?" என்றார்.

"கயலு போவணும்னு எழுதி வெச்சிருக்குது."

அவர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து என் பையில் வைத்தார்.

காலை 6.50க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய், 7.15க்குப் போய்விட்டேன். வில்லியனூரில் பெரிய கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் வருகிறவர்கள் ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. ஒரு பிளாட்பாரம், ரெண்டு மரம், சிமென்ட் பெஞ்சு. புத்தகத்தில் சொல்தா இங்கேதான் ரயிலை விட்டு இறங்குகிறார். சண்டை முடிந்து, ஒரு தகரப் பெட்டியோடு. கூப்பிட யாரும் வரவில்லை. ஒரு போர்ட்டர் அவருடைய உடுப்பைப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் சலாம் போடுகிறான். தமிழில் பேசு என்று இவர் சொல்ல நினைக்கிறார், வாய் வரவில்லை. அந்தக் கட்டத்தில் அவருடைய வாயை மட்டும் பெரிதாக வரைந்திருக்கிறாள் மகள்.

பெஞ்சில் உட்கார்ந்து சண்டைப் பக்கங்களை இன்னொரு தடவை புரட்டினேன். முதல் தடவை படித்தபோது நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சண்டை வரும் இடத்தில் ரெண்டு பக்கம் முழுக்க வெறும் கட்டம். உள்ளே படமே இல்லை. அச்சடித்தவன் ஏமாற்றிவிட்டான், கயல் பார்க்காமல் வாங்கிவிட்டாள் என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மரி வீட்டுக்கே போய்விட்டேன். மரிதான் சொன்னாள்: "இல்ல ஆன்ட்டி, அவங்கப்பா சண்டையப் பத்தி கடைசி வரைக்கும் வாயத் தொறக்கவே இல்ல. அதான் பொண்ணு கட்டத்த மட்டும் போட்டு வுட்டுட்டா."

அன்றைக்கு அந்தப் பெண்மேல் எனக்கு மரியாதை வந்தது. கயல் ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு நாளை என்னை வரையச் சொன்னால் நானும் கட்டம்தான் போடுவேன். ஆனால் நானாக இருந்தால் ஒரே ஒரு கட்டத்தில் அவளுடைய செருப்பை வரைந்திருப்பேன். வார்டு வாசலில் விட்டது. வரும்போது நான்தான் எடுத்துவந்தேன்.

8.05க்கு பாகூர் போகும் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய். சுமார் பதினாறு கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம் ஆனது. வலது பக்க ஜன்னல் கிடைத்தால் உட்காருங்கள், காலையில் இடது பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். சங்கராபரணி பாலம் தாண்டியதும் மங்கலம், பிறகு கரிக்கலாம்பாக்கம். கரும்பு, நெல், நடுவில் வரிசையாகப் புது வீட்டு மனைகள், மறுபடி நெல். இந்த வழி முழுக்க சொல்தா நடந்து வந்திருக்கிறார். புத்தகத்தில் அதற்கு மட்டும் ஆறு பக்கம். பதினாறு கிலோமீட்டர் நடப்பது அந்தக் காலத்து ஆளுக்குப் பெரிய விஷயம் இல்லை. பட்டாளத்து பூட்ஸோடு நடந்தார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். எங்கள் செம்மண்ணில் பூட்ஸ் போட்டு நடந்தால் குதிகால் தோல் உரிந்துவிடும். அதையும் வரைந்திருக்கிறாள். கட்டை விரல் உட்பட.

இந்தப் புத்தகத்தில் எனக்கு ஒத்துவராத இடமும் உண்டு. மகளுக்குப் பத்து வயது இருக்கும்போது பாகூருக்குக் கூட்டி வருகிறார்கள். பிரான்ஸ் பள்ளிக்கூடத்தில் அவளை இந்தியாக்காரி என்கிறார்கள். இங்கே வந்தால் பிரெஞ்சுக்காரி என்கிறார்கள். நான் எந்த ஊர், நான் எந்த ஊர் என்று பாதிப் புத்தகம் அழுகிறாள். புத்தகம் எழுதிய அம்மா, நான் பாகூர் ஏரிக்குத் தெற்கே பிறந்து ஒதியம்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். இருபத்தாறு வருஷமாக ஒதியம்பட்டில் எனக்குப் பேர் பாகூர்க்காரி. பாகூருக்குப் போனால் ஒதியம்பட்டு வந்திருக்குது என்கிறார்கள். இதற்குப் பாஸ்போர்ட் கூட வேண்டாம், கல்யாணம் ஆனால் போதும். ரெண்டு ஊரிலும் எனக்குச் சோறு போட ஆள் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் என்னை எந்த ஊரிலும் சண்டைக்குக் கூட்டிப் போகவில்லை. அவள் அப்பாவைக் கூட்டிப் போனார்கள். அந்த வித்தியாசம் பெரிது, அதனால் அவளை அழ விட்டுவிட்டேன்.

8.55க்கு பாகூர். மூலநாதர் கோயில் பக்கம் ஒரு கடையில் ரெண்டு இட்லி, ஒரு வடை, டீ, நாற்பது ரூபாய். வடை சூடாக இருந்தது. ஆட்டோக்காரர் ஒருவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். படத்தில் வயலுக்குப் பின்னால் ஏரிக்கரையும், ஒரு மதகும், மதகுமேல் சாய்ந்த ரெண்டு பனைமரமும் இருக்கின்றன. இந்த ஏரிக்கு மதகு நிறைய, எங்கள் பக்கத்து மதகு தவிர மற்றது எனக்குப் பழக்கமில்லை.

"இது எந்த மதகுப்பா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இன்னாம்மா இது, சினிமாக் கதையா?"

"சொல்தா கதை. இந்த ஊரு ஆளுதான்."

"பாகூர்ல சொல்தா வூடு ஒண்ணா ரெண்டா? பேரு இன்னா?"

"பேரு எழுதல. அப்பான்னுதான் போட்டிருக்குது."

"அப்பாவா? அப்பிடிப் பாத்தா நானும் ஒரு அப்பாதான்," என்று சிரித்தார். பிறகு பனைமரத்தை விரலால் தொட்டார். "பன ரெண்டும் பூட்ச்சி. மதகு இருக்குது. ஏறு, எம்பது ரூபா குடு."

"கண்ணுக்கு எதிர ஏரி தெரியுது, எம்பதா? நான் இந்த ஊருல பொறந்தவ."

"அப்ப நடந்து போ," என்றார். அறுபதுக்கு ஒத்துக்கொண்டார். நீங்களும் அறுபதுக்கு மேல் தராதீர்கள். ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

ஏரி பாதிக்கு மேல் தண்ணீரோடு இருந்தது. கயல் எழுதியது சரி, ஒன்பதரை மணி வெளிச்சம் தண்ணீர்மேல் விழுந்து கரை முழுக்க வெள்ளையாக இருந்தது. சொல்தா பூட்ஸைக் கழற்றுவது இந்தக் கரையில்தான். கழற்றி, நாடாவை முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு மதகு இறங்குகிறார். நானும் மதகு பக்கம் இறங்கினேன். படிக்கட்டு கிடையாது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, முட்டி வலி உள்ளவர்கள் நூறு அடி தள்ளிப் போனால் வண்டிப் பாதை இருக்கிறது.

என் அதிர்ஷ்டம், கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் பாதி வயலுக்கு மேல் மிஷின் நடவுதான். இது மூலை வயல், மிஷின் திரும்ப இடம் இல்லை. ஆறு பெண்கள். வரப்பில் நின்றதும் ஒரு அக்கா, தலையில் சிவப்புத் துண்டு கட்டியவர், நிமிர்ந்தார்.

"யாரும்மா அது? நூறு நாள் வேலக்கி ஆள் எண்ண வந்தியா?"

"இல்லக்கா. ஒதியம்பட்டுலேருந்து வரேன், ஒரு படம் காட்டணும்."

"மாப்ள படமா? எனக்கு வயசாயிடுச்சி, இதோ இவளுக்குக் காட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். கை சேறாக இருக்கிறது, நீயே பிடி என்று ரெண்டு பேர் வரப்போரம் வந்தார்கள். புத்தகத்தைத் திறந்து பிடித்தேன். மதகைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "நம்ம மதகு! பன இருந்த காலம்." "இவ பாரு, இடுப்புல கைய வெச்சிக்கினு. எல்லா காலத்துலயும் ஒருத்தி இப்பிடி இருப்பா." படம் ஒரு பழைய போட்டோவைப் பார்த்து வரைந்தது என்று புத்தகத்தின் கடைசியில் எழுதியிருக்கிறது. அப்பா பர்சுக்குள் வைத்திருந்த போட்டோ. குனிந்திருக்கும் ஏழு பேரில் ஒருத்தி அவருடைய தங்கை.

படத்துக்குக் கீழே ரெண்டு வரி இருக்கும். சின்ன வயசுக்காரி ஒருத்தி, பேர் சுமதி, அதைச் சத்தமாகப் படித்தாள். "அப்பா திரும்பி வந்த அன்று, வயலில் இருந்த பெண்கள் எல்லாரும் அவரை நோக்கி நடந்து வந்தார்கள்."

சிவப்புத் துண்டு அக்கா, "இன்னாது? திரும்பப் படி," என்றார்.

சுமதி திரும்பப் படித்தாள்.

"எதிர நடந்து வந்தாளுங்களாமா? நட்டதையெல்லாம் மெதிச்சிக்கினா?" அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரு எழுதனது இத? களை எடுக்கறவ முன்னால போவா. நடறவ பின்னால போவா. எதிர வந்தா இன்னாத்துக்கு ஆவும், ஒரு நாத்து நிக்குமா?"

படத்தைத் திருப்பி என் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தேன். பெண்களின் கால் பக்கத்தில் கயல் போட்டிருந்த பென்சில் கோடு நாற்று இல்லை. அம்புக்குறி. முதல் காலில் முன்பக்கம் பார்த்து ஒன்று, அதை அடித்திருந்தாள். அடுத்த காலில் பின்பக்கம் பார்த்து ஒன்று. மூன்றாவதிலும் பின்பக்கம், அதன் நுனியில் ஒரு கேள்விக்குறி, மிளகு அளவுக்கு.

இதைத்தான் கேட்க நினைத்திருக்கிறாள். முன்னால் வருவார்களா, பின்னால் போவார்களா?

இது எனக்குத் தெரியாதா? பதினாலு வயசிலிருந்து கல்யாணம் வரை இந்த ஏரித் தண்ணீரில் நட்டவள் நான். படம் சரியாக இருந்ததால்தான் என் கண்ணில் எதுவும் உறுத்தவில்லை. கீழே இருந்த வரியைத்தான் நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தாண்டிவிட்டேன், படத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கயல் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு நடவு தெரியாது. என் மகள் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று நான்தான் அவளை எந்த வயலிலும் இறக்கியதில்லை. பஸ் ஜன்னலில் பார்த்ததை வைத்தே சந்தேகப்பட்டிருக்கிறாள். கெட்டிக்காரி.

"யாரு கோடு போட்டது?" என்று சிவப்புத் துண்டு அக்கா கேட்டார்.

"எம் பொண்ணு."

"எங்க அது? கூட்டியாரலியா?"

"செத்துப் பூட்ச்சிக்கா. ஐப்பசில."

யாரும் உச்சுக் கொட்டவில்லை. அக்கா, "பொடவையத் தூக்கிச் சொருவு. எறங்கு," என்றார். "அதுக்குப் பதில் சொல்லணும் இல்ல? எறங்கி நட்டுட்டுப் போ."

பையை வரப்பில் வைத்து, அதன்மேல் புத்தகத்தை வைத்து இறங்கினேன். சேறு முட்டிவரை. இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் நாற்று முடி இடது கைக்கு வந்தது. பிரித்து, கட்டை விரலால் அழுத்தி, ரெண்டு கால் பின்னால் வைத்து, மறுபடி. முதல் நாலைந்து வரிசை கோணல்.

"ஒதியம்பட்டு நடறதப் பாரு, பாம்பு மாரி போவுது," என்றாள் சுமதி.

"பாகூர்க்காரிடி நானு," என்றேன். "நீ பொறக்கறதுக்கு முன்னால நட்டவ."

"அப்ப நேரா நட்டுக் காட்டு!" என்றாள். சிரித்துவிட்டேன். ஐப்பசிக்கு அப்புறம் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நடும்போது முகம் எதிர் வரப்பைப் பார்த்தே இருக்கும். கால்தான் பின்னால் போகும். எதிர் வரப்பில் என் பையும் புத்தகமும் இருந்தன. நட நட அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. எனக்கும் அதற்கும் நடுவில் இருந்த வெறும் சேறு பச்சையாகிக்கொண்டே வந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, கால் தானாக இடம் பிடிக்கும். குதிகால் வரப்பில் இடித்தபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. நிமிர்ந்தேன். வயலுக்கு அந்தப் பக்கம் பை சின்னதாக இருந்தது, ஆனால் நன்றாகத் தெரிந்தது.

புத்தகம் எழுதிய அந்த அம்மா எப்போதாவது இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அத்தை அன்றைக்கு உங்கள் அப்பாவை நோக்கி நடந்து வரவில்லை. வேலை அவரை விட்டுத் தள்ளித்தான் கூட்டிப் போனது. ஆனால் வரப்பு வருகிற வரைக்கும் முகம் அவர் நின்ற பக்கமாகவே இருந்திருக்கும். அந்த வரியை மாற்றி எழுதுங்கள். மாற்றினாலும் உங்கள் கதைக்கு ஒரு குறையும் வராது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. கயல் கடைசியில் எப்போதும் இதை எழுதுவாள். வில்லியனூரிலிருந்து காலை எட்டரை மணிக்குள் பஸ் பிடியுங்கள், அதற்கு அப்புறம் இந்த வழியில் பஸ் குறைவு. திரும்பும்போது நான் 1.20க்கு ஏறி 2.15க்கு வில்லியனூர் வந்தேன். போக வர, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. ஏரிக்கரையில் நிழல் குறைவு, குடை வேண்டும். தண்ணீர் கொண்டுபோங்கள். இறங்கும் எண்ணம் இருந்தால் மாற்றுப் புடவை. என்னிடம் இல்லை, ஈரத்தோடுதான் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள். என்னுடையதில் ஒரு சேற்று விரல் பதிந்துவிட்டது. அது சிவப்புத் துண்டு அக்காவுடையது, இருக்கட்டும்.

நடவு பார்க்க நிற்பதாக இருந்தால் அவர்கள் முகம் இருக்கும் பக்கத்து வரப்பில் நில்லுங்கள். பின்பக்கம் நின்றால் வேலைக்கு இடைஞ்சல், திட்டு விழும்.

வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் கயலின் பென்சிலைத் தேடி எடுத்தேன். "அம்மாவைக் கேட்கணும்" என்று அவள் எழுதியதற்குக் கீழே எழுதினேன்: "பின்னால்தான் போவோம் பாப்பா. பார்த்துக்கொண்டே."